பாம்புக்குப் படுக்கை என்ன... சாப்பாடு என்ன?

"நாய், பூனை எல்லாம் எல்லார் வீட்டிலேயும் இருக்கு. நாம ஒரு பாம்பு வளர்க்கலாமாப்பா?"

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? "சும்மா இருடா" என்று ஒரு அதட்டல் போட்டு அனுப்பிவிடுவீர்கள். ஆனால், கேள்வி அதோடு போய்விடாது. வெளிநாட்டுப் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்களைப் பிள்ளைகள் செல்போனில் தினமும் பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு, ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பாம்பு புதிதும் இல்லை. ஏரிக்கரையும் வயலும் மனையாகி, மனையெல்லாம் வீடாகி நிற்கிற ஊர்கள் இவை. மழைக்காலத்தில் வாசற்படிக்கே வந்து நிற்கும்! அதில் ஒரு குட்டியைப் பிடித்துப் பாட்டிலில் போட்டு வைக்கிற வீரர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எனவே அதட்டுவதை விட, விஷயத்தைத் தெரிந்துகொண்டு பதில் சொல்வது நல்லது. பாம்பு எதில் படுக்கும், எதைச் சாப்பிடும் என்கிற இரண்டே கேள்விகள்தான். இந்த இரண்டும் புரிந்துவிட்டால், பாம்பு வளர்ப்பதா வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும். அழைக்காமல் வருகிற பாம்பை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது எப்படி என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சட்டம்

நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. நல்ல பாம்பு, விரியன் மட்டுமல்ல. சாரை, தண்ணீர்ப் பாம்பு, மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பிடிப்பதே குற்றம். முதல் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "இருதலை மண்ணுளிப் பாம்பு வீட்டில் இருந்தால் பணம் கொட்டும், லட்சக்கணக்கில் விலை போகும்" என்று யாராவது காதில் ஓதினால், அந்த இடத்தை விட்டு உடனே கிளம்பிவிடுங்கள். அதனால் வருவது பணம் அல்ல, வழக்குதான்.

வெளிநாட்டுப் பாம்பு? அதற்கும் கணக்கு உண்டு. 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் இதற்கான விதிகளும் வந்தன. 'பரிவேஷ்' என்கிற மத்திய அரசு இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். குட்டி போட்டாலும், கைமாறினாலும், செத்துப் போனாலும் தெரிவிக்க வேண்டும். "பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்கினால், மாட்டப் போவது நீங்கள்தான். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. கடத்தல் பாம்புகள் இப்படிப் பெட்டியில் அடைபட்டுத்தான் வருகின்றன. வழியில் பிழைத்தது கடைக்குப் போகிறது.

பால் பைத்தான் பால் குடிக்குமா?

வீட்டில் வளர்ப்பதற்கென்று உலகம் முழுக்க அதிகம் விற்கப்படுவது 'பால் பைத்தான்'. பெயரைக் கேட்டதும் பசும்பால் நினைவுக்கு வருகிறதா? அந்தப் பால் இல்லை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் 'பால்'. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு இது. விஷம் கிடையாது. மூன்றிலிருந்து ஐந்தடி வரை வளரும்.

எந்தப் பாம்புக்கும் பால் உணவல்ல. பாம்பு ஊர்வன இனம். குட்டிக்குப் பால் கொடுக்கிற இனமும் அல்ல, பாலைச் செரிக்கிற வயிறும் அதற்கு இல்லை. தண்ணீரே காட்டாமல் பல நாள் வாட்டிவிட்டுக் கிண்ணத்தில் பாலை வைத்தால், தாகத்தில் வாயை வைக்கும். அதைப் பார்த்துத்தான் "பாம்பு பால் குடிக்குது" என்கிறோம். ஆடி மாதம் புற்றுக்குப் பால் ஊற்றுவது அவரவர் நம்பிக்கை. அதில் தலையிட வேண்டியதில்லை. ஆனால் பிடித்து வைத்த பாம்பின் வாயில் பாலை ஊற்றுவது அதற்குச் செய்யும் கொடுமை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்தப் பாம்பு நன்றாக வைத்துக்கொண்டால் 20, 30 வருடம் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய பால் பைத்தான் ஒன்று 2020இல் முட்டையிட்டது. எட்டாவது படிக்கிற பையன் கேட்டு வாங்கிய பாம்பு, அவனுக்குக் கல்யாணமாகி அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் உங்கள் வீட்டில் இருக்கலாம்!

படுக்கை: கண்டதைப் போடாதீர்கள்

பாம்புக்குக் கால் இல்லை. நாள் முழுக்க வயிறு தரையில் பட்டபடியேதான் இருக்கும். எனவே அதன் பெட்டிக்குள் நாம் எதைப் பரப்புகிறோமோ, அதுவே அதன் தோலையும் நுரையீரலையும் தீர்மானிக்கிறது.

பழைய செய்தித்தாள்: மலிவானது, பத்திரமானது இதுதான். அழுக்கானால் தெரியும், உடனே மாற்றலாம். புதிதாக வந்த பாம்புக்கும் நோயுற்ற பாம்புக்கும் இதைவிடச் சிறந்த படுக்கை இல்லை. பேன் போன்ற உண்ணி இருந்தாலும் காகிதத்தின் மேல் கண்ணில் பட்டுவிடும்.

தேங்காய் நார்த் தூள்: நம் ஊரில் செடி வளர்க்கக் கட்டியாகக் கிடைப்பது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் ஈரப்பதம் தேவைப்படுகிற பாம்புக்கு ஏற்றது. ஆனால் நன்றாகத் தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, பிழிந்து, உதிரியாக ஆற வைத்துத்தான் போட வேண்டும். சொதசொதவென்று இருக்கக்கூடாது. உரம் கலந்ததையும் வாங்கக்கூடாது.

மரத்தூள்: இங்கேதான் நம் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டும். தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வருகிற பேலட் பலகைகள் இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கின்றன. அதை இழைத்த தூளும் கிடைக்கும். "சும்மா கிடைக்குதே" என்று அதை அள்ளிப் போடாதீர்கள். பைன், தேவதாரு போன்ற மரங்களின் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக் குழாயைப் பாதிக்கும். தவிர, வெளிநாட்டிலிருந்து வருகிற பேலட்டைப் பூச்சி வராமல் இருக்கச் சூடேற்றியோ மருந்துப் புகை போட்டோ அனுப்புவார்கள். எண்ணெயும் கிரீஸும் சிந்திய பலகையும் உண்டு. தச்சுப் பட்டறைத் தூளில் பிளைவுட் பசையும் கலந்திருக்கும்.

ஆற்று மணல், ஜல்லி, தோட்டத்து மண்: வேண்டாம். இரையோடு சேர்ந்து மணல் உள்ளே போனால் குடலில் அடைத்துக்கொள்ளும். தோட்டத்து மண்ணில் கிருமியும் உண்ணியும் இருக்கும்.

"வடநெம்மேலியில் மணலில்தானே வைக்கிறார்கள்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாமல்லபுரம் போகும் வழியில், முதலைப் பண்ணை வளாகத்தில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே மண் பானையில் மணல் போட்டு, வாயைத் துணியால் கட்டிப் பாம்பை வைக்கிறார்கள். பானை குளிர்ச்சியாக இருக்கும். துணி வழியாகக் காற்றும் போகும். ஆனால் விஷம் எடுக்கப்பட்ட அந்தப் பாம்பு சில வாரங்களில் காட்டுக்குத் திரும்பிவிடுகிறது. வருடக்கணக்கில் பெட்டிக்குள்ளேயே சாப்பிட்டு, கழித்து, படுத்து எழுந்திருக்கிற பாம்புக்கு மணல் சரிப்படாது.

படுக்கை ஈரமாகவே இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வந்து அழுக ஆரம்பிக்கும். ரொம்பக் காய்ந்து போனால் தோல் உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். பால் பைத்தானுக்கு 50 முதல் 60 சதவிகித ஈரப்பதம் போதும். தோல் உரிக்கிற சமயத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி இருந்தால், சூடு வேண்டும்போது இங்கும், குளிர்ச்சி வேண்டும்போது அங்குமாக அது நகர்ந்துகொள்ளும். கத்திரி வெயிலில் நம் மொட்டை மாடி அறையில் இது சாத்தியமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும்.

சுத்தம் செய்ய நம் வீட்டில் கை முதலில் போவது பினாயில் பாட்டிலுக்கு. கூடவே கூடாது! பீனால் கலந்த கிருமிநாசினி பாம்புக்கு விஷம். அந்துருண்டையும் அப்படியே. பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வாசனை போக உலர்த்திய பிறகுதான் திரும்ப விட வேண்டும்.

சாப்பாடு: சைவம் கிடையாது!

"எங்க வீட்டில் அசைவமே சமைக்க மாட்டோம். முட்டை, காய்கறி கொடுக்கலாமா?" முடியாது. பால் பைத்தானுக்கு முழு எலிதான் உணவு. எலும்பும் குடலும் ஈரலும் சேர்ந்து போனால்தான் சுண்ணாம்புச் சத்து முதல் எல்லாம் கிடைக்கும். கறிக்கடையில் வாங்கிய கோழித் துண்டு அதற்குச் சாப்பாடு ஆகாது.

எவ்வளவு? பாம்பின் உடம்பில் பருமனான இடம் எவ்வளவோ, இரை அதற்கு மேல் பருமனாக இருக்கக்கூடாது. குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை; வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை. "ஐயோ பாவம், பட்டினி கிடக்குதே" என்று தினம் கொடுத்தால் கொழுத்து, ஈரல் கெட்டுப்போகும். பால் பைத்தான் சில சமயம் மாதக்கணக்கில் சாப்பிடாமலே இருக்கும். எடை குறையாமல் சுறுசுறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். எடை குறைந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், வாயில் நுரை கட்டினால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பாம்பு பார்த்துப் பழக்கமுள்ள மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

உயிருள்ள எலியை உள்ளே விட்டு வேடிக்கை பார்ப்பது இரண்டு பிராணிக்கும் கொடுமை. அதிலும் பாம்புக்குப் பசி இல்லாவிட்டால் எலி சும்மா இருக்காது. கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். அதனாலேயே செத்த பாம்புகள் உண்டு. எனவே கொன்று உறைய வைத்த எலியைத்தான் விவரமானவர்கள் கொடுக்கிறார்கள். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருகவிட்டு, பிறகு வெந்நீர்க் கிண்ணத்தில் கதகதப்பாக்கி, நீளமான இடுக்கியால் நீட்ட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக்கூடாது. ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் ஐஸாக இருக்கும்.

வீட்டுப் பொறியில் மாட்டிய எலியைக் கொடுக்கலாமா? மிச்சம் பிடிக்கிற புத்தி இங்கே வேண்டாம். அந்த எலி பக்கத்து வீட்டில் எலி மருந்து தின்றிருந்தால், விஷம் பாம்புக்கும் போகும். எலிக்காய்ச்சல் கிருமி அதைத் தொட்ட உங்களுக்கும் வரலாம்.

சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்கவே கூடாது. தூக்கினால் கக்கிவிடும். ஒரு முறை கக்கினால் அடுத்த இரைக்குப் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். எலியைத் தொட்ட கையோடு பெட்டிக்குள் கையை விட்டால், பாம்பு உங்கள் விரலை எலி என்றே நினைக்கும். அது பாம்பின் தப்பு இல்லை!

உங்கள் வீட்டு மனிதர்களுக்கு

மேலே சொன்னதைப் படிக்கும்போதே இல்லத்தரசிகள் மனதில் ஒரு கேள்வி வந்திருக்கும். "உறைந்த எலியை எங்கே வைப்பது? என் ஃப்ரிட்ஜிலா?" சரியான கேள்வி! பால் பாக்கெட், இட்லி மாவு இருக்கிற பெட்டியில் வைக்கவே கூடாது. தனிப் பெட்டி வேண்டும். காரணம் அருவருப்பு மட்டுமல்ல. பாம்பின் குடலிலும் எலியின் குடலிலும் 'சால்மோனெல்லா' என்கிற கிருமி இருக்கும். உறைய வைத்தாலும் அது சாகாது. பாம்பு பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், ஆனால் அதன் தோலிலும் படுக்கையிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் கிருமி ஒட்டியிருக்கும். மனிதர்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி வரும். சிறு குழந்தைக்கும் முதியவருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டிய பெரியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், இவர்களில் ஒருவர் இருக்கிற வீட்டில் பாம்பு, ஆமை, ஓணான் எதுவுமே வேண்டாம். தாத்தா, பாட்டி, பேரன் என்று சேர்ந்து வாழ்கிற நம் குடும்பங்களில் எத்தனை வீடு இதில் தேறும்? மற்றவர்களும் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாம்புப் பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது.

அழைக்காமல் வருகிற விருந்தாளி

இப்போது அதே இரண்டு கேள்விகளை உங்கள் வீட்டு வாசலுக்குத் திருப்புங்கள். படுக்கையும் சாப்பாடும் இருக்கிற இடத்துக்குத்தான் பாம்பு வரும்.

கட்டி முடித்த பிறகும் கிடக்கிற செங்கல் குவியல், உடைந்த ஓடு, சாரப் பலகை, காம்பவுண்டு ஓரத்தில் அடுக்கிய பேலட் கட்டை இவையெல்லாம் அதற்குப் படுக்கை. காலி மனையில் கொட்டிய சாப்பாட்டுக் குப்பைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். குப்பையை மூடி வையுங்கள். கட்டைகளைச் சுவரை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். கதவின் அடி இடைவெளியையும் சாக்கடைக் குழாய் வாயையும் அடையுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் டார்ச் விளக்கும் ஷூவும் இல்லாமல் புல்வெளியில் குறுக்கே நடக்க வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுப்பதை விடக் கட்டில் நல்லது. கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் சொருகிவிட்டால் கொசுவும் வராது, கட்டு விரியனும் வராது.

பிள்ளைகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "குட்டி மலைப்பாம்பு" என்று கையில் எடுத்துப் பலர் கடி வாங்கியது கண்ணாடி விரியனிடம்தான். இரண்டின் உடம்பிலும் பழுப்புத் திட்டு இருக்கும். அனுபவமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விரியன் குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு. பாம்பைப் பார்த்தால் தள்ளி நின்று, வனத்துறைக்கோ 101இல் தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள்.

கடித்துவிட்டால்...

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

* கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள்.
* மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள்.
* கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல் அசையாமல் வையுங்கள். நடக்க விடாதீர்கள்.
* 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மந்திரிப்பவரிடம் போகிற ஒரு மணி நேரம் உயிரையே எடுத்துவிடும்.
* பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப் போக வேண்டாம். நம் ஊர் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது.
* கட்டு விரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. இரவு தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தாலோ, கண் இமை சொருகினாலோ தாமதிக்காதீர்கள்.

"வேண்டாம்னு விட்டுட்டா போச்சு" என்கிறீர்களா?

வளர்க்க முடியாமல் போன பாம்பை ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வளர்ப்புக்கென்று இறக்குமதியான பர்மிய மலைப்பாம்புகள் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்கிருந்த முயல், மான்களை எல்லாம் விழுங்க ஆரம்பித்தன. அவற்றைப் பிடிக்க 2017இல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் இங்கிருந்து அழைத்துப் போனார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்த நிலை வர வேண்டாமே!

பாம்பு மேல் ஆசை வைப்பது தப்பில்லை. ஆசைப்படுகிற பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்டி பாம்புப் பண்ணைக்கோ, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ கூட்டிப் போங்கள். நான்கு விஷப் பாம்புகளையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அடையாளம் தெரிந்துகொள்ளட்டும். அந்த அறிவு ஒருநாள் அவன் உயிரையும், ஒரு சாரைப் பாம்பின் உயிரையும் காப்பாற்றும்.